வேட்டை நாய்க்கு ட்ராக்கர் காலர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தீபாவளி ராத்திரி, லட்சுமி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு எங்கள் கன்னி ஜாதி நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் காலையில் 11 கிலோமீட்டர் தள்ளி ஒரு செங்கல் சூளையில் படுத்திருந்தது. அதற்கப்புறம் நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் ட்ராக்கர் என்று நான்கு விதமாக வாங்கிப் பார்த்துவிட்டேன். இரண்டு வீண். விஷயம் தெரிந்து சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை ஜாதி நாய்கள் வைத்திருப்பவர்கள் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் எதையும் விற்கவில்லை.

டாக்டர் ஊசி மாதிரி ஒரு சிப் போட்டு விட்டாரே, அதுவே காட்டிடாதா?

காட்டாது. தோலுக்கு அடியில் போடும் மைக்ரோசிப்பில் பேட்டரியே கிடையாது. அதற்குள் இருப்பது 15 இலக்க எண் ஒன்றுதான். ரீடரைச் சில சென்டிமீட்டர் அருகே கொண்டுபோனால் அந்த எண் தெரியும். நாயை யாராவது பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், அது உங்கள் நாய்தான் என்று நிரூபிக்க உதவும். அதனால் சிப் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாய் எங்கே இருக்கிறது என்று சொல்வது அதன் வேலை இல்லை.

சாட்டிலைட்ல இருந்து நாய் எங்கன்னு தெரிஞ்சிடும்ல? அப்புறம் எதுக்கு சிம் கார்டு, மாசக் காசு?

இந்த ஒரு இடம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு உங்கள் நாய் இருப்பதே தெரியாது. அது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். நாலைந்து செயற்கைக்கோள்கள் சொல்வதைக் கேட்டு, காலர்தான் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது.

சரி, காலருக்குத் தெரிந்துவிட்டது. அது உங்கள் கைக்கு எப்படி வரும்? அதற்குத்தான் இரண்டாவது வழி ஒன்று வேண்டும். செல்போன் டவர் வழியாக வரலாம், நேரடி ரேடியோ அலையாக வரலாம், போகிற வருகிறவர்களின் போன் வழியாகவும் வரலாம். கடையில் இருக்கும் எல்லா ட்ராக்கருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

ஏர்டேக் வாங்கி மாட்டினா போதாதா? ரீசார்ஜே கிடையாதாமே?

ஏர்டேக் என்பது ஆப்பிள் விற்கும் சின்ன டேக். அதில் ஜி.பி.எஸ். கிடையாது. அது புளூடூத்தில் கூவும், பக்கத்தில் ஏதாவது ஐபோன் இருந்தால் அந்தப் போன் தன் இடத்தை அனுப்பி வைக்கும். சென்னையில் அண்ணா நகரில் நாய் தொலைந்தால் இது பிரமாதமாக வேலை செய்யும். கரிசல் காட்டில் ஆடு மேய்க்கிறவரிடம் ஐபோன் இருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டுக்கும் இதே மாதிரி டேக் வந்திருக்கிறது, கிராமத்தில் எல்லோரிடமும் ஆண்ட்ராய்டுதானே என்பார்கள். ஆனால் கூகுளின் வழக்கமான அமைப்பில், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் பல போன்கள் சேர்ந்து பார்த்தால்தான் இடத்தைக் காட்டும். ஒத்தையடிப் பாதையில் போகும் ஒரே ஒருவருடைய போன் உதவுவது சந்தேகம்.

இன்னொன்று. உள்ளே இருப்பது சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி. இரண்டு நாய்கள் விளையாடும்போது ஒன்று மற்றதன் கழுத்தைக் கடித்துப் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துவிடும். ஏர்டேக் பொருட்களுக்குத்தான், செல்லப்பிராணிகளுக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

யூடியூப்ல அமெரிக்காக்காரன் கையில ஆன்டெனா வச்ச கருவியோட சுத்துறான். டவர் இல்லாமலே நாயைக் காட்டுது. அதை இறக்கிடலாமா அண்ணே?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கார்மின் நிறுவனத்தின் ஆல்ஃபா வகைக் கருவியாக இருக்கும். அங்கே ரக்கூன், கரடி வேட்டைக்கு நாயை இருட்டில் காட்டுக்குள் அவிழ்த்து விடுவார்கள். நாய் மரத்தடியில் நின்று அண்ணாந்து குரைத்தால் அதுவே திரையில் தெரியும். ஒரே கருவியில் 20 நாய் வரை பார்க்கலாம், இரண்டரை நொடிக்கு ஒரு தடவை இடம் மாறும், வெட்டவெளியில் 14 கிலோமீட்டர் வரை எட்டும் என்று நிறுவனம் சொல்கிறது. வேட்டை நாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், அமெரிக்க மாடல் 151 முதல் 155 மெகாஹெர்ட்ஸுக்குள் ஐந்து சேனல்களில், 2 வாட் வரை சக்தியோடு அனுப்புகிறது. அந்த நாட்டில் அது உரிமம் வேண்டாத அலைவரிசை. ஐரோப்பாவுக்கு வேறு மாடல் செய்கிறார்கள். இந்தியாவில் இரண்டுமே உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவை அல்ல. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவருவார் என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். ஏர்போர்ட்டில் மாட்டுவதைவிட, ஊரில் வேறு யாருடைய வயர்லெஸ்ஸிலாவது குறுக்கிட்டு மாட்டுவது மோசம்.

அப்போ நமக்கு என்னதான் மிச்சம்?

நடைமுறையில், சிம் போட்ட ஜி.பி.எஸ். ட்ராக்கர். ஓரளவு கைவேலை தெரிந்தவர்களுக்கு லோரா, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

ஜியோ சிம் போட்டேன், உசுரே வரல. பீஸ் போயிடுச்சா?

பீஸ் போகவில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ட்ராக்கர்களில் நிறைய 2ஜி மட்டும் உள்ளவை. ஜியோவிடம் 2ஜியே கிடையாது, ஆரம்பத்திலிருந்தே 4ஜிதான். அட்டையில் ‘ஜி.எஸ்.எம்.’ என்று மட்டும் போட்டிருந்தால் 2ஜி என்று சந்தேகப்படுங்கள். இப்போதைக்கு ஏர்டெல் 2ஜியில் ஓடும். ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி உள்ளதையே வாங்குங்கள்.

அமெரிக்காவுக்கென்று செய்த 4ஜி ட்ராக்கரையும் வாங்கி ஏமாற வேண்டாம். அங்கே ஓடும் 2, 4, 12, 13 என்ற பேண்டுகள் (அலைவரிசைத் தொகுதிகள்) இங்கே இல்லை. இந்தியாவில் 3, 5, 8, 40 இவற்றில் சிலவாவது இருக்க வேண்டும். சில கம்பெனிக் காலர்களில் சிம் உள்ளேயே ஒட்டியிருக்கும், 13 இலக்க எண்ணோடு. அதை நாம் மாற்ற முடியாது, சந்தா முடிந்தால் காலர் வெறும் பெல்ட். வாங்கும்போதே இரண்டாம் வருடச் சந்தா எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்க தோட்டத்துல பேசவே சிக்னல் இருக்காது. ட்ராக்கர் வேலை செய்யுமா?

ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. மூன்று கம்பெனி சிம்மும் உள்ள ஆட்களைக் கூட்டிக்கொண்டு, நாய் வழக்கமாக ஓடும் திசையில் நடந்து பாருங்கள். ஓடை, பனங்காட்டு உள்பக்கம், கல்குவாரிப் பள்ளம் இங்கெல்லாம் போனை முட்டி உயரத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். நாயின் கழுத்து அங்கேதான் இருக்கிறது. எது தாக்குப்பிடிக்கிறதோ அந்த சிம்.

டவர் விட்டு விட்டுக் கிடைக்கும் இடமானால், சிக்னல் இல்லாதபோது இடங்களைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி உள்ள காலராகப் பாருங்கள். நாய் எந்த வழியாகப் போனது என்றாவது தெரியும். அடியோடு டவர் இல்லையென்றால் சிம் ட்ராக்கர் வாங்க வேண்டாம்.

காலர் கழுத்துலயே நிக்க மாட்டேங்குது. தலையை உருவிட்டு ஓடிடுது.

ட்ராக்கர் பற்றி வரும் புகார்களில் பாதி உண்மையில் பெல்ட் பற்றிய புகார்தான். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூன்றுக்கும் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். கழுத்தின் கீழ்ப்பகுதி தலையைவிடத் தடிமன். வெளிநாட்டு லாப்ரடார் கழுத்தை மனதில் வைத்துச் செய்த பெல்ட், பின்வாங்கி ஒரு உலுக்கு உலுக்கினால் காதைத் தாண்டி வந்துவிடும். எனக்கும் நடந்தது. முதல் காலர் மாட்டிய பத்தாம் நாள், நாய் ஒரு மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்பதாகச் செயலி காட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தால் சீமைக் கருவேல முள்ளில் காலர் தொங்கிக்கொண்டிருந்தது. நாய் அதற்குள் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டிருந்தது.

காதுக்குப் பின்னால், தாடை முடியும் இடத்தில்தான் கழுத்து மிக ஒடுக்கம். பெல்ட் அங்கேதான் உட்கார வேண்டும். அகலம் 4 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, உள்பக்கம் மெத்தென்ற தோல் அல்லது துணி. மாட்டிய பிறகு பின்னாலிருந்து மூக்கை நோக்கி மெதுவாக இழுங்கள். காதைத் தாண்டினால் ஒரு துளை இறுக்குங்கள். இழுத்தால் அளவோடு இறுகும் இரட்டை வளையப் பட்டை ஒன்று இருக்கிறது, வெளிநாட்டில் மார்ட்டின்கேல் என்பார்கள். கையில் பிடித்து நடத்த அது அருமை. ஆனால் தனியாக அவிழ்த்து விடும் நாய்க்கு அது வேண்டாம், வளையம் வேலிக் கம்பியில் மாட்டினால் நாய் இழுக்க இழுக்க இறுகும். கோம்பைக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை. அதன் கழுத்தும் தலையும் கனம், சாதாரண பெல்ட்டே நிற்கும்.

நான் இப்போது வைத்திருப்பது, செருப்புத் தைக்கும் ஒரு அண்ணனிடம் அளவு கொடுத்துத் தைத்த தோல் பட்டை. ட்ராக்கருக்கு ஒரு உறை, மேல் பக்கமாக. கடையில் வாங்கியவற்றில் எதுவும் இந்த அளவுக்கு உட்காரவில்லை.

மேல் பக்கம்னா? பெட்டி எங்க இருந்தா என்ன?

ஜி.பி.எஸ். வானத்தைப் பார்க்க வேண்டும். பெட்டி கனமாக இருப்பதால் ஓடும்போது சரிந்து தொண்டைக்குக் கீழே வந்துவிடும். அப்போது நாயின் கழுத்தே வானத்தை மறைக்கிறது. முன்பு சொன்ன அமெரிக்கக் காலர்களில் ஜி.பி.எஸ். ஆன்டெனாவைப் பிடரியிலும், கனமான பகுதியைத் தொண்டைப் பக்கமும் பிரித்து வைத்திருப்பார்கள். கனம் கீழே இழுப்பதால் ஆன்டெனா தானாக மேலே நிற்கும். நம் ஒற்றைப் பெட்டி ட்ராக்கரில் அந்த வசதி இல்லை. உறையைப் பிடரியில் தைத்து, எதிர்ப்பக்கம் பித்தளைக் கொக்கி வரும்படி வைத்தால் ஓரளவு சமன் ஆகிறது. உறையின் மேல் உலோகக் குமிழ் அடிக்க வேண்டாம்.

எடை எவ்வளவு வரை தாங்கும்? முடி கொட்டுதே?

15 முதல் 20 கிலோ நாய்க்கு 50 கிராம் பெட்டி ஒரு பொருட்டே இல்லை, ஆட்டம்தான் பிரச்சினை. தளர்வாக ஆடும் 30 கிராம், இறுக்கமாக உட்கார்ந்த 80 கிராமைவிட அதிகம் தேய்க்கும். இந்த ஜாதிகளுக்குத் தோல் மெல்லிசு, ரோமம் குட்டை. ராத்திரி கட்டிப்போட்ட பிறகு கழற்றிவிட்டு, கழுத்தைத் தடவிப் பாருங்கள். சிவந்திருந்தால் இரண்டு நாள் ஓய்வு.

பத்து நாள் பேட்டரினு போட்டிருக்கான். ஒன்றரை நாள்ல செத்துடுது. ஏமாத்துறானா?

பொய் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் படுத்திருக்கும் நாய்க்கு, மணிக்கு ஒரு தடவை இடம் அனுப்பினால் பத்து நாள் வரும். நீங்கள் அதைப் பத்து நொடிக்கு ஒன்றாக வைத்திருப்பீர்கள். டவர் தள்ளி இருந்தால் அதைத் தேடியே பேட்டரி தீரும்.

எத்தனை நொடி வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஓட்டத்தில் நாய் மணிக்கு 54 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நொடிக்கு 15 மீட்டர். பத்து நொடி இடைவெளி என்றால் அடுத்த புள்ளி 150 மீட்டர் தள்ளி. ஒரு நிமிடம் என்றால் 900 மீட்டர், அடுத்த ஊர் எல்லை. அவ்வளவு வேகத்தில் எந்த நாயும் நெடுநேரம் ஓடாது என்பது நமக்கு ஆறுதல். நான் சாதாரண நாளில் பத்து நிமிடம் என்று வைத்திருக்கிறேன், தொலைந்தால் மட்டும் செயலியில் நேரடித் தேடலுக்கு மாற்றுவேன். அப்படி மாற்ற முடிகிறதா என்பதைத்தான் வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

சார்ஜ் போடும்போது நிழலில் போடுங்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. மே மாதம் தகரக் கொட்டகைக்குள் அது சாதாரணமாக வந்துவிடும்.

நாய் திண்ணைல படுத்திருக்கு, மேப்ல பக்கத்து வீட்டு மாடில நிக்குது?

வெட்டவெளியில் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டருக்குள் சொல்லும். ஓட்டுக் கூரை, கான்கிரீட், அடர்ந்த புளியமரம் இவற்றின் கீழ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளி குதிக்கும். சில காலர்கள் ஜி.பி.எஸ். கிடைக்காவிட்டால் டவரை வைத்து உத்தேசமாக ஒரு இடத்தைக் காட்டும், அது கிலோமீட்டர் கணக்கில் தப்பலாம். புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் தெரிந்தால் அது உத்தேசம் என்று அர்த்தம். இன்னும் ஒன்று, அணைத்து வைத்திருந்த காலரை எழுப்பினால் முதல் புள்ளிக்குக் குறைந்தது அரை நிமிடம் பிடிக்கும். நாயை அவிழ்ப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

தண்ணில குதிச்சா போயிடுமா?

தண்ணீர், தூசு தாங்கும் அளவைச் சொல்லும் எண் ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். கண்மாயில் குளிக்க அது போதும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி போன அன்றைக்கு அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

தோட்டத்தைச் சுத்தி செயலில வேலி போட்டா, தாண்டினதும் சத்தம் போடும்ல?

போடும், தாமதமாக. பேட்டரி பதிலில் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பத்து நிமிட இடைவெளியில் இருக்கும் காலர், நாய் போய் ஒன்பது நிமிடம் கழித்துக்கூடச் சொல்லலாம். எல்லைக்கோட்டை வேலியில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் புள்ளி குதிக்கும்போதெல்லாம் போன் அலறும். இரண்டாம் நாளே நீங்கள் சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். நான் அணைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி அவசியம் என்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் பகுதி 2021 முதல் புலிகள் காப்பகம். நாய் உள்ளே போனால் அதற்கும் ஆபத்து, நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய் காட்டு விலங்குக்குத் தொற்றவும் கூடும்.

ஷாக் குடுக்குற காலர் சேர்ந்தே வருதே, கூப்பிட்டா வராத நாய்க்கு நல்லதா?

வேண்டாம். ஏற்கெனவே மிரண்டு ஓடும் நாய்க்குக் கழுத்தில் ஷாக் அடித்தால் அது இன்னும் வேகமாகத்தான் ஓடும். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள்.

அதிர்வு மட்டும் தரும் வசதி வேறு விஷயம். வெள்ளை ராஜபாளையத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த நாயை விசிலால் கூப்பிட முடியாது. ‘அதிர்ந்தால் தீனி’ என்று குட்டியிலிருந்தே பழக்கினால் அது திரும்பிப் பார்க்கும். சிம் வழி அதிர்வு சில நொடி தாமதமாகப் போகும் என்பதையும் மனதில் வைத்துப் பழக்குங்கள். காது கேளாத நாய்க்கு, காலரே ஒலி எழுப்பும் வசதி உங்களுக்குத்தான் பயன்படும், புதருக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க.

நாயைத் திருடிட்டுப் போனா பிடிச்சிடலாமா?

விவரம் தெரிந்த திருடன் முதலில் கழற்றி எறிவது காலரைத்தான். அது கிடக்கும் இடமும் நேரமும் போலீஸுக்குத் துப்பாக உதவலாம். நாய் உங்களுடையது என்று சொல்ல முதல் கேள்வியில் பார்த்த மைக்ரோசிப்தான் வேண்டும்.

ராத்திரி முயலுக்கு விடும்போது எது நல்லா இருக்கும் அண்ணே?

இந்தக் கேள்விக்கு நான் காலர் சொல்வதில்லை. நம் நாய்கள் வேட்டைக்கென்றே வளர்ந்த ஜாதி, தாத்தா காலத்தில் முயல் கறி இல்லாத திருவிழா இல்லை, எல்லாம் சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம்தான். நாயை ஏவிப் பிடித்தாலும் அதே குற்றம். கேட்டவரிடம் இன்னொன்றும் சொன்னேன்: ராத்திரி ஒரு மணிக்கு எந்தக் காட்டில் எத்தனை நேரம் ஓடினீர்கள் என்று காலர் கம்பெனியின் சர்வரில் பதிவாகியிருக்கும். அப்புறம் அவர் போன் செய்யவில்லை.

அப்போ அந்தப் பதிவை வேற யாராவது பார்க்க முடியுமா?

முடியும். 2019-ல் அவாஸ்ட் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, சுமார் 6 லட்சம் மலிவு ட்ராக்கர்கள் ‘123456’ என்ற ஒரே கடவுச்சொல்லோடு இருந்தன. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டாலே அடுத்தவருடையதைப் பார்க்கலாம். வாங்கியதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றவே விடாத செயலி என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெரிவது நாயின் இடம் மட்டும் இல்லை, உங்கள் வீடும் தோட்டமும், நீங்கள் எப்போது அங்கே இல்லை என்பதும்தான்.

லோரானு ஒண்ணு இருக்காம், சிம்மும் வேண்டாமாம். இன்ஜினியரிங் பசங்க சொல்றாங்க.

சொல்வது சரிதான். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, குறிப்பிட்ட சக்திக்குள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அதில் லோரா என்ற முறையில் சின்னச் சின்னத் தகவலை மிகக் குறைந்த மின்சாரத்தில் தூரமாக அனுப்ப முடியும். மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் போட்ட கருவி இரண்டு வாங்கி, ஒன்றை நாய்க்கு மாட்டி மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டால், அமெரிக்கக்காரர் கருவியின் ஏழைத் தம்பி கிடைக்கும். மாசக் காசு இல்லை. அமைப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் வேறு நாட்டு அலைவரிசையில் போய் நிற்கும்.

கரிசல் சமவெளியில், மோட்டார் ரூம் மாடியில், இடையில் வாங்கி அனுப்ப, மூன்றாவது கருவி ஒன்றைக் கட்டி வைத்தேன். பருத்திக் காட்டில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் எடுத்தது. சீமைக் கருவேலக் காட்டுக்குள் நாய் நுழைந்ததும் அரை கிலோமீட்டர்கூடக் கஷ்டம். புள்ளி நிமிடத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. நாயை ஓடும்போதே துரத்த இது ஆகாது, ஓடி முடித்துப் படுத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஆகும். கம்பி, சார்ஜர், செட்டிங் என்று நோண்டுவதில் ஆசை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

புள்ளி ஒரு மணி நேரமா அசையாம நிக்குது. போன் பண்ணினா காலர் எடுக்கல. என்ன பண்றது?

மூன்றில் ஒன்று நடந்திருக்கும். காலர் கழன்று கிடக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது நாய் சிக்னல் எட்டாத பள்ளத்தில் இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, கடைசிப் புள்ளி எத்தனை மணிக்கு வந்தது, அப்போது பேட்டரி எவ்வளவு இருந்தது என்பது. புதுப் புள்ளிகள் அதே இடத்தில் வந்துகொண்டே இருந்தால் காலர் கழன்றிருக்கும், அல்லது நாய் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கும். பேட்டரி பாதிக்கு மேல் இருந்தும் புள்ளி வருவது சட்டென்று நின்றிருந்தால், நான் முதலில் நினைப்பது கிணற்றைத்தான்.

நம் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு எத்தனை என்று உங்களுக்கே தெரியும். உள்ளே விழுந்த காலருக்கு வானமும் தெரியாது, டவரும் எட்டாது. கடைசிப் புள்ளிக்கு முந்தைய மூன்று புள்ளிகளைச் சேர்த்து, நாய் போன திசையில் அரை கிலோமீட்டர் வரை உள்ள கிணறுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இப்போதே ஒரு சாயங்காலம் சுற்றி வந்து, உங்கள் பகுதிக் கிணறுகளைப் போன் மேப்பில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நாய் உள்ளே தெரிந்தால் தனியாக இறங்காதீர்கள், பாழுங்கிணற்றில் காற்று கெட்டிருக்கும். 101-க்கு அடியுங்கள், தீயணைப்புத் துறையினர் கயிறும் வலையுமாக வருவார்கள். அவர்கள் வரும் வரை மேலே நின்று நாயின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருங்கள், அது நீந்திக் களைக்காமல் படியையோ கல்லையோ பிடித்து நிற்கப் பார்க்கும்.